மலைநாட்டுச் சூழலுக்கு ஒரு திறந்த ஆய்விதழ்: யார் எழுத, யார் வாசிக்க?

ஹட்டனிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி:

"அக்கா, நீங்களும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து மலைநாட்டுச் சூழலுக்கென்று ஒரு ஆய்விதழ் தொடங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கொழும்பிலிருந்தும் எத்தனையோ இதழ்கள் வருகின்றன. ஆங்கிலத்தில் எழுதினால் நாலு பேர் மேற்கோள் காட்டுவார்கள், உத்தியோக உயர்வுக்கும் உதவும். தமிழில், அதுவும் இலவசமாக என்றால் யார் எழுதுவார்? யார் வாசிப்பார்?"

14 ஜனவரி 2024

தம்பி, கேள்வி நியாயமானது. பதில் சொல்ல ஒரு பழைய கதைக்குப் போகவேண்டும்.

முதுமாணிப் படிப்புக்காக நான் பீலித் தண்ணீரை, அதாவது லயத்து ஆட்கள் குடிக்கப் பிடிக்கும் ஊற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தேன். மஸ்கெலியாப் பக்கத்தில் மூன்று தேயிலைத் தோட்ட டிவிசன். விடியக்காலையில், பிரட்டுக்கு, அதாவது காலை வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் சேரும் முன்னே போய், போத்தலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பேராதனைக்கு பஸ் ஏறவேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேராவிட்டால் கோலிபோர்ம் கிருமிகளின் எண்ணிக்கையை நம்ப முடியாது. பணிய லயத்து (கீழே உள்ள தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா ஒருவர் எனக்காகக் குடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு நிற்பார். "என்னா பிள்ள, எங்க தண்ணி நல்லதா கெட்டதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "முடிவு வரட்டும் அக்கா" என்பேன்.

முடிவு வந்தது. கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வெளியானது. என் பெயர் போட்ட கட்டுரையை அன்று என்னாலேயே திறக்க முடியவில்லை, 35 டொலர் கட்டச் சொன்னது. மேற்பார்வையாளரிடம் பிரதி கேட்டு வாங்கித்தான் வாசித்தேன். அந்த அக்கா கேட்ட கேள்விக்கு விடை ஏழாம் பக்கத்து அட்டவணையில், ஆங்கிலத்தில், பூட்டுக்குள் கிடந்தது. அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நான் லயத்துக்குப் போனபோது ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அவர் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டிருந்தார்.

யார் வாசிப்பார் என்று நீங்கள் கேட்டதும் எனக்கு அவர் முகம்தான் வந்தது.

14 ஜனவரி, இரவு

உத்தியோக உயர்வு பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது உண்மையான கவலை. புது இதழுக்குப் புள்ளி கிடைக்காது, முதல் இரண்டு மூன்று வருஷம் கிடைக்கவே கிடைக்காது. இளம் விரிவுரையாளர்களிடம் "உங்கள் நல்ல கட்டுரையை எங்களுக்குத் தாருங்கள்" என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. பிழைப்பு இருக்கிறது. வேறு இதழில் இடம் கிடைக்காத, ஆனால் இங்கே தேவைப்படுகிற விஷயங்களைத்தான் முதலில் கேட்கப்போகிறோம்: மழைக் கணக்கு, கிணற்று மட்டம், ஒரு தோட்டத்துக் கானில் (வடிகாலில்) வருஷா வருஷம் எவ்வளவு மண் போகிறது என்பது போன்றவை.

17 ஜனவரி

"இலவசம் என்றால் தரம் இருக்காது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இலவசம் என்ற சொல்லே குழப்பம் தருகிறது. திறந்த அணுக்கம் என்று 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் சொன்னது, வாசகரிடம் காசு கேட்காமல் எவரும் வாசிக்கவும் பிரதி எடுக்கவும் பகிரவும் பயன்படுத்தவும் விடுவதை. மதிப்பாய்வு, அதாவது துறை தெரிந்த வேறு ஆட்கள் வாசித்துச் சரிபார்ப்பது, இல்லாமல் போடச் சொல்லவில்லை. மதிப்பாய்வு செய்கிறவர்களுக்குப் பூட்டிய இதழ்களும் பெரும்பாலும் சல்லிக்காசு கொடுப்பதில்லை.

யார் செலவை ஏற்பது என்பதில்தான் வழி பிரிகிறது. பெரிய பதிப்பகங்கள் வாசகரிடம் வாங்கியதை எழுதுகிறவர் பக்கம் திருப்பிவிட்டன. 'நேச்சர்' இதழ் 2021இல் இந்த முறையைக் கொண்டுவந்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்றது. 2024 ஜனவரி மாற்று விலையில் முப்பது இலட்சம் ரூபாவுக்கு மேல். 2024 தொடக்கத்தில் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் சம்பளம் ஆயிரம் ரூபாவாக இருந்ததை வைத்துப் பார்த்தால், ஒருத்தி மூவாயிரம் நாளுக்கு மேல் கொழுந்து பறிக்கவேண்டும்.

நாங்கள் போகப்போவது எழுதுகிறவரிடமும் வாங்காத, வாசிக்கிறவரிடமும் வாங்காத வழி. அதை வைர வழி என்கிறார்கள்.

21 ஜனவரி

தரத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடவேண்டும், நிறையப் பேர் இதில் விழுகிறார்கள்.

பட்டம் முடித்த வருஷம் ஒரு மின்னஞ்சல் வந்தது. என் பெயரை 'மதிப்புக்குரிய பேராசிரியர்' என்று போட்டு, சூழலியல் பற்றி ஒரு 'சர்வதேச' இதழ் கட்டுரை கேட்டது. அனுப்பினேன். மூன்றாம் நாள் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று பதில், கூடவே 150 டொலர் சிட்டை. என் சொந்தத் தம்பியின் சீட்டுக் காசில் எடுத்துக் கட்டினேன். மதிப்பாய்வாளர் குறிப்பு என்று வந்தது இரண்டு வரி. என் அட்டவணையில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அது அப்படியே அச்சேறியது. அடுத்த வருஷம் அந்தத் தளமே இல்லை. கட்டுரையும் போனது, காசும் போனது.

இப்படிப்பட்ட இதழ்களுக்கு 'வேட்டை இதழ்' என்ற பெயரை வைத்தவர் அமெரிக்காவில் கொலராடோவில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல். அவர் வைத்திருந்த பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து நீங்கிவிட்டது. இப்போது புதியவர்களுக்கு நான் சொல்வது: ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு நேரே எழுதிக் கேளுங்கள், "உங்கள் பெயர் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று. எங்கள் இதழிலும் ஒவ்வொருவரின் பெயருக்குப் பக்கத்தில் வேலை செய்யும் இடம் இருக்கும், அவர் சம்மதம் எழுத்தில் இருக்கும். பெயரில் 'சர்வதேச' என்ற சொல் வரவே கூடாது என்பதிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

3 பெப்ரவரி

செலவுக் கணக்குக் கேட்டவர்களுக்கு.

மென்பொருள் ஓஜேஎஸ். கனடாவில் பொது அறிவுத் திட்டம் என்ற குழு உருவாக்கியது, 2001இலிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை. கட்டுரை வாங்குவது, மதிப்பாய்வுக்கு அனுப்புவது, திருத்துவது, வெளியிடுவது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். கண்டியில் கணினி வேலை செய்கிற நம் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏற்றிக் காட்டினான். சேர்வர் வாடகை மட்டும்தான் கையைக் கடிக்கும்.

ஒரு இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் என்ற எட்டு இலக்கம் தேசிய விஞ்ஞான மன்றத்தின் வழியாக எடுக்கலாம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, முன்னே உள்ள ஏழையும் 8, 7, 6 என்று இறங்கி 2 வரை பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் வரும் (மீதி இல்லையென்றால் 0, பத்து வந்தால் X). எங்கள் குழுவில் உள்ள டீச்சர் இதைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்துவிட்டார், பிள்ளைகள் கையில் கிடைத்த சஞ்சிகை எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்களாம்.

இடிப்பது டிஓஐ. கட்டுரை எங்கே இடம் மாறினாலும் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும் நிரந்தர இலக்கம் அது. அதைப் பதிந்து தரும் கிராஸ்ரெஃப் அமைப்பில் 2024இல் வழக்கமான உறுப்புரிமையின் அடிமட்டமே ஆண்டுக்கு 275 டொலராக இருந்தது, கட்டுரைக்கு ஒரு டொலர் தனி. எண்பதாயிரம் ரூபாவுக்கு மேல். டிஓஐ இல்லாமலே தொடங்கவேண்டியதுதான்.

4 பெப்ரவரி

நேற்று எழுதியது தவறு. டிஓஐ இல்லாமல் தொடங்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நூலகர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. செனோடோ என்ற களஞ்சியத்தில் கட்டுரையை வைத்தால் ஒரு சதமும் வாங்காமல் டிஓஐ தருகிறார்கள். துகள் இயற்பியல் செய்யும் சேர்ன் நிறுவனம் 2013இலிருந்து நடத்துவது. கட்டுரையோடு அதன் தரவையும் வைக்கலாம், பிறகு திருத்தினால் பழைய பதிப்பும் புதியதும் இரண்டுமே நிற்கும். இந்தக் கடைசி வசதிக்காகவே அங்கே போகலாம் போலிருக்கிறது.

அவரே இன்னொன்றும் சொன்னார். டோஜ் என்கிற திறந்த இதழ்களின் பட்டியலில் சேர அவசரப்படாதீர்கள், ஒரு வருஷத்துக்கு மேல் வெளிவந்திருக்கவேண்டும், இல்லையென்றால் பத்து ஆய்வுக் கட்டுரையாவது வெளியாகியிருக்கவேண்டும், பிறகும் வருஷத்துக்கு ஐந்துக்குக் குறையக்கூடாது என்று. ஐந்து சின்ன எண்ணாகத் தெரிகிறது. முதல் கட்டுரையைத் தேடிப் போனால்தான் அதன் பாரம் தெரியும்.

18 பெப்ரவரி

முதல் கட்டுரை எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருந்திருக்கிறது.

அப்பா தோட்டத்து ஆபீசில் வேலை செய்தவர். காலையில் மழைமானியைத் திறந்து, புனலை எடுத்து, போத்தலில் நிறைந்ததை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து எழுதுவது அவர் பொறுப்பு. ஆபீஸ் புத்தகம் தோட்டத்துக்குச் சொந்தம். அப்பா அதை அன்றே வீட்டில் ஒரு சீ.ஆர். கொப்பியில் பார்த்து எழுதிவிடுவார். ஏன் என்று கேட்டால், "நாம அளந்தது நம்ம கிட்டயும் இருக்கட்டும்" என்பார்.

1979இலிருந்து 2003 வரை. நீல மை, அங்குலக் கணக்கு, நூறில் ஒரு பங்கு வரை. மழை இல்லாத நாளுக்கு ஒரு சிறு கோடு. கூரைத் தகரம் ஒழுகி நனைந்த பக்கங்களில் மை விரிந்து பூப்போல நிற்கிறது. 1986 கொப்பிக்குள் ஒரு அட்டைப்பூச்சி நசுங்கிக் காய்ந்து ஒட்டியிருக்கிறது, அந்த நாளுக்கு நேரே நல்ல மழை பதிவாகியிருக்கிறது. ஓரத்தில் அங்கங்கே குறிப்பு: "பீலி கலங்கல்", "மேமலை ரோட்டில் மண் சரிவு", "கொழுந்து இல்லை".

மௌசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரியத் தொடங்கியதும் அப்பா அதையும் எழுதுவார், "கோயில் தெரியுது" என்று. வறட்சிக்கு அதைவிடத் தெளிவான அளவுகோலை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் கண்டதில்லை.

25 பெப்ரவரி

மொழி பற்றி. முதலில் நான் "தமிழ் மட்டும்" என்றுதான் நின்றேன். 1869இல் கோப்பிச் செடியில் துரு நோய் வந்தபோது அது இந்த மலைகளின் நோய். அதற்குப் பெயர் வைத்து விவரித்த எழுத்து வெளியானது லண்டனில் ஒரு தோட்டக்கலை வார இதழில். தாவரவியலாளர் மார்ஷல் வோர்ட் 1880இல் வந்து இரண்டு வருஷம் ஆராய்ந்து அறிக்கை எழுதியபோதும் வாசித்தவர்கள் துரைமார். நோய் பிடித்த இலையைக் கையால் பறித்தவர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு வரிகூட இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகும் அதே நிலை என்பதுதான் என் கோபம்.

ஆனால் எங்கள் குழுவில் உள்ள பேராதனை விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை இடிந்து விழுந்ததே, அங்கே புதைந்த ஊர்களின் ஆட்கள் எந்த மொழி பேசினார்கள்? மேலே தேயிலை, கீழே கிராமம், இரண்டுக்கும் ஒரே சரிவு. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதைய முடிவு: கட்டுரை தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். மற்ற இரு மொழியிலும் இரண்டு பக்கச் சுருக்கம் கட்டாயம், அதுவும் சாதாரண பேச்சுக்குக் கிட்டிய மொழியில். அந்தச் சுருக்கம் இல்லாமல் எந்தக் கட்டுரையும் ஏறாது.

26 பெப்ரவரி

சுருக்கத்தை யார் சரிபார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். துறை தெரிந்த ஒருவர், துறை தெரியாத ஒருவர். இரண்டாமவர் வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும். விளங்காத இடத்தில் எழுதினவர் திரும்ப எழுதவேண்டும்.

25 ஏப்ரல்

நேற்று உமா ஓயா நீர்மின் திட்டம் திறக்கப்பட்டது, 120 மெகாவோட். எல்லாப் பத்திரிகையிலும் படம். பண்டாரவளையில் இருக்கும் நம் டீச்சர் பத்திரிகையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். 2014 கடைசியில் அந்தத் திட்டத்துக்குத் தோண்டிய சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துப் பாய்ந்த பிறகு அந்தப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அவர் வீட்டுக் கிணறும் அதில் ஒன்று. அவர் அன்றிலிருந்து கயிற்றில் முடிச்சுப் போட்டு, மாதம் ஒருமுறை தண்ணீர் எத்தனை முழத்தில் நிற்கிறது என்று எழுதிவந்திருக்கிறார். இத்தனை மாதமாக எங்களோடு உட்கார்ந்து இதழ் பேசியவர் இதை ஒருநாளும் வாயெடுக்கவில்லை! "அது ஆராய்ச்சியா தங்கச்சி, என் வீட்டுக் கிணறுதானே" என்கிறார்.

அதனால் 'களக் குறிப்பு' என்று ஒரு பகுதி சேர்க்கிறோம். ஆயிரம் சொல்லுக்குள். எங்கே, எதனால், எப்படி அளந்தேன், என்ன கண்டேன் என்பது போதும், கோட்பாடு வேண்டாம். ஒரே ஒரு கிணறு எதையும் நிரூபிக்காது, அதைக் குறிப்பிலேயே சொல்லிவிடுவோம். இப்படி நாற்பது கிணறு சேர்ந்தால் பேச்சே வேறு. முழக் கணக்கை மீற்றராக்க அவருடைய கயிற்றையே அளந்துகொண்டோம்.

22 மே

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டது. வட்டவளைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற இடம்.

மழைக் கணக்கை இதழில் போட்டு என்ன பயன் என்று கேட்டவருக்கு: தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் எல்லை, 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறவேண்டும். 150 என்பது அப்பாவின் கணக்கில் ஆறு அங்குலத்துக்கு ஒரு இம்மி குறைவு. அவர் கொப்பியில் மண் சரிந்த நாளும் இருக்கிறது, அன்றைய மழையும் இருக்கிறது, முந்தின பத்து நாள் மழையும் இருக்கிறது. ஒரு தோட்டத்துச் சரிவு எத்தனை அங்குலத்தில் அசையத் தொடங்குகிறது என்று இருபத்தைந்து வருஷத்தை வைத்துப் பார்க்கலாம். லயத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தலை வெட்டி மழைமானி செய்து வைத்திருக்கும் பிள்ளைக்கும் அந்த எண் தெரியவேண்டும்.

9 ஜூன்

எல்லாவற்றையும் திறந்து போடுவது என்று ஜனவரியில் எழுதினேன். அதில் ஒரு திருத்தம்.

வந்த கட்டுரைகளில் ஒன்று தோட்டங்களில் சுருக்குக் கம்பியில் சிக்கும் சிறுத்தைகள் பற்றியது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டியதை எல்லோரும் படத்தில் பார்த்தோம், சில நாளில் அது செத்தது. நல்ல கட்டுரை, வரைபடம் துல்லியம். அந்தத் துல்லியம்தான் என்னைப் பயமுறுத்தியது. சிறுத்தை எந்த ஓடையோரமாக நடக்கிறது என்று மீற்றர் கணக்கில் போட்டால் அது யாருக்கு உதவும்?

கொம்பு ஓணானுக்கும் இதே கதை. இந்த நாட்டுக்கே உரிய அந்தப் பிராணிகளை வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்துகிறார்கள் என்றுதான் 2019இல் சைட்டிஸ் என்ற காட்டுயிர் வணிக உடன்படிக்கையின் மாநாட்டில் இலங்கை கேட்டுப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பித்தது. அந்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜெனீவாவுக்குப் போனது.

ஆகவே அருகிவரும் உயிரினங்களின் இடத்தைப் பத்துக் கிலோமீற்றர் கட்டத்துக்குள் மட்டும் காட்டுவோம். சரியான புள்ளி வேண்டிய ஆய்வாளர் காரணம் எழுதிக் கேட்கட்டும். கட்டுரை எழுதியவர் உடனே ஒத்துக்கொண்டார், அவருக்கும் அந்தப் பயம் இருந்ததாம்.

10 ஜூன்

உரிமம் பற்றிய கேள்வி இதோடு சேர்ந்தது. கிரியேட்டிவ் கொமன்ஸில் பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற உரிமத்தைத்தான் எடுக்கிறோம், மொழிபெயர்ப்பதற்கும் பாடப்புத்தகத்தில் போடுவதற்கும் அதுதான் வசதி. ஆட்களின் முகம் தெரியும் படங்களுக்கு மட்டும் அது இல்லை. கொழுந்துக் கூடையோடு நிற்கிற ஒருத்தியின் முகம் அவளைக் கேட்காமல் எந்தத் தேயிலைப் பெட்டியிலும் ஏறக்கூடாது.

14 ஜூலை

இரண்டு வாரமாகப் பாமினியோடு போராட்டம். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் மண்ணரிப்புப் பற்றி அருமையான கட்டுரை தந்தார், பத்து வருஷத்துக்கு முன் பாமினியில் தட்டச்சு செய்தது. பாமினி எழுத்துரு ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகத்தான் தெரியும், தேடுபொறிக்கும் அப்படித்தான். இணையத்தில் இருந்தும் யார் கையிலும் சிக்காது. யுனிகோடில் தமிழ் 1991இலிருந்து இருக்கிறது. நம் அலுவலகங்களுக்கு அது வந்துசேர எத்தனை வருஷம் எடுத்தது பாருங்கள்.

மாற்றியில் போட்டு மாற்றினோம். 'கொ', 'கோ' எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகப் பிரிந்து வந்தன. ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அவர் கட்டுரையில் 'கொழுந்து' என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்று இப்போது நித்திரையிலும் சொல்வேன்.

இனி பிடிஎப் மட்டும் போடமாட்டோம். சாதாரண வலைப்பக்கமாகவும் இருக்கும், போனில் டேட்டா குறைவாக இருக்கிறவர்களுக்கும் அதுதான் திறக்கும்.

11 ஆகஸ்ட்

அப்பாவின் மழைக் கட்டுரைக்கு மதிப்பாய்வு வந்தது. இரண்டு பேர், எங்களை அறியாதவர்கள். குழுவில் நான் இருப்பதால் இந்தக் கட்டுரையை விரிவுரையாளர்தான் கையாண்டார், யாருக்கு அனுப்பினார் என்று எனக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஒருவர் கேட்டார்: பெப்ரவரி வறண்ட மாதம், 1984 பெப்ரவரியில் ஒரே நாளில் 203 மில்லிமீற்றர் எப்படி? போய்க் கொப்பியைப் பார்த்தேன். அப்பா எழுதியது .08. தட்டச்சு செய்த பிள்ளைக்கு மை மங்கிய புள்ளி தெரியவில்லை, எட்டு அங்குலம் ஆகிவிட்டது. உண்மையில் இரண்டு மில்லிமீற்றர், தேயிலை இலை நனைகிற மழை. இதே போல இன்னும் இருக்கலாம் என்று நானும் இரண்டு மாணவிகளும் எல்லாக் கொப்பியையும் திரும்ப முதலிலிருந்து பார்த்தோம். ஒருத்தி வாசிக்க, ஒருத்தி திரையைப் பார்க்க, மூன்றாவது ஆள் கணக்குப் போட. இன்னும் ஆறு இடம் அகப்பட்டது. இந்த மதிப்பாய்வாளரை 150 டொலர் வாங்கிய இதழோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மற்றவர் கேட்ட கேள்வியை வாசித்துவிட்டு அன்று முழுதும் ஒன்றும் செய்யவில்லை. "1983 ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 8 வரை 13 நாட்களுக்குத் தரவு இல்லை. கருவி பழுதா? காரணத்தைக் குறிப்பிடுக."

12 ஆகஸ்ட்

அப்பாவிடம் கேட்டேன். "கருவிக்கு ஒண்ணுமில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தேயிலைக்குள்ள இருந்தோம். ராவுல மழ பேஞ்சிச்சு. உங்கம்மா முந்தானைய உன் அண்ணன் தலையில போட்டுக்கிட்டு இருந்தா" என்றார். அளவு தெரியாது, மழை பெய்தது மட்டும் தெரியும்.

கட்டுரையில் அந்தப் பதின்மூன்று வரிகளும் வெறுமையாகவே இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் கணக்கை வைத்து நிரப்பலாம் என்று விரிவுரையாளர் சொன்னார், முறைப்படி அது தவறில்லை. எனக்குச் சம்மதமில்லை என்று எழுதினேன், அவரும் விட்டுவிட்டார். அடிக்குறிப்பு: "1983 ஜூலை வன்செயலின்போது அளப்பவர் குடும்பத்துடன் லயத்தை விட்டு வெளியேறியிருந்தார். கருவி பழுதடையவில்லை. மழை பெய்தது." கடைசி இரண்டு சொல்லும் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றேன்.

29 ஒக்டோபர்

இன்று மீரியபெத்தைக்குப் பத்து வருஷம். 2014 ஒக்டோபர் 29, காலை வேளை, கொஸ்லந்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போன நாள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறிடத்துக்கு மாற்றவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தாளில் இருந்த எச்சரிக்கை லயத்து வாசலுக்கு வரவில்லை.

முதல் இதழை இன்று வெளியிடலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த நாளை ஒரு தொடக்க விழாவுக்கு எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை என்று தள்ளிவைத்தோம். இன்று காலை விளக்கு மட்டும் ஏற்றினோம்.

10 நவம்பர்

வந்துவிட்டது. ஐந்து கட்டுரை, மூன்று களக் குறிப்பு. நம் டீச்சரின் கிணறு முதலாம் களக் குறிப்பு. எல்லாவற்றுக்கும் மூன்று மொழிச் சுருக்கம். தரவெல்லாம் செனோடோவில். தமிழ்ச் சுருக்கங்களைத் தாளில் அச்சடித்து, நான் தண்ணீர் பிடித்த மூன்று டிவிசனுக்கும் பிள்ளைமடுவத்து (குழந்தைக் காப்பகத்து) சுவரில் ஒட்டக் கொடுத்திருக்கிறேன். பழைய பீலித் தண்ணீர்க் கட்டுரையின் விடையையும் ஒரு பக்கமாகச் சேர்த்தேன். கேள்வி கேட்ட ஹட்டன் தம்பி இரண்டாம் இதழுக்கு ஒரு களக் குறிப்பு அனுப்பியிருக்கிறார், மதிப்பாய்வில் இருக்கிறது.

17 நவம்பர்

அப்பா போனில் கட்டுரையை வாசித்து முடித்தார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூன்று நாள். நேற்று இராத்திரி சாப்பிடும்போது சொன்னார், "ஒண்ணு விட்டுட்டீங்க. மழமானி முன்ன பங்களாப் பக்கம் இருந்திச்சு. யூக்கலிப்டஸ் வளந்து புனல மறச்சிருச்சு. தொண்ணூத்தொண்ணுல ஸ்டோர் முத்தத்துக்கு மாத்தினோம்."

கொப்பியில் அது எங்கும் இல்லை. மரம் மறைத்த வருஷங்களில் புனலுக்குள் விழுந்தது குறைவாக இருந்திருக்கும். 1991க்குப் பிறகு மழை கூடியதாக நாங்கள் காட்டிய கோட்டில் எவ்வளவு மழை, எவ்வளவு மரம் என்று திரும்பப் பார்க்கவேண்டும். இரு பகுதியையும் பிரித்துக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டோம். அதுவரைக்கும் கட்டுரையின் தலைப்பகுதியில் திருத்த அறிவிப்பு நிற்கும், நேற்றே ஏற்றியாயிற்று. தகவல் தந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்.